ஆட்சேபனை இருப்பின்

17 ஏப்ரல் 2025, வியாழன்

இன்றைய நாளிதழில் என் பொது அறிவிப்பு வெளியாகியிருக்கிறது. “திண்டிவனம் மரக்காணம் சாலையில் ராஜ்குமார் என்பவருக்குப் பாத்தியப்பட்ட மனையை எமது கட்சிக்காரர் மாசிலாமணி கிரயம் பெற உத்தேசித்துள்ளார். இதில் யாருக்கேனும் ஆட்சேபனை இருப்பின் பதினைந்து நாட்களுக்குள் தக்க ஆதாரத்துடன் கீழ்க்கண்ட முகவரிக்குத் தெரிவிக்கவும்.” கீழே என் வழக்கறிஞர் அறிவுச்செல்வனின் முகவரி. சர்வே எண்ணை மறுபடியும் சரிபார்த்தேன். பிழை இல்லை.

தரகர் அய்யப்பனுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. “பேப்பர்ல போடறது சும்மா சாங்கியத்துக்கு சார். எவன் படிக்கிறான்?” சென்ற மாதம் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று நான் நின்றபோதும் இதே சிரிப்புத்தான். “அக்ரிமெண்டைப் போய் யாரு சார் ரெஜிஸ்டர் பண்ணிக்கினு இருப்பாங்க? வெத்து செலவு!”

விதி இருக்கிறது, ஆகவே செய்கிறேன். ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இத்தனை ஆண்டுகளில் வேறு எதைக் கற்றேன்?

20 ஏப்ரல், ஞாயிறு

பிரபாவதியை அழைத்துக்கொண்டு மனையைப் பார்க்கப் போனேன். அவள் திண்டிவனத்தை அடுத்த ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியை. விழுப்புரம் ரயில்வே குடியிருப்பிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவதிலேயே அவளது முதுகு பாதி தேய்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு மனைக்குள் நடந்தாள். “இங்க அடுப்பு. இங்க துணி காயப்போட. இங்க ஒரு நாற்காலி, நீங்க உக்காந்து ரூல்ஸ் பேசறதுக்கு.” கேலிதான். ஆனால் அந்த நாற்காலி வரும் என்று சொன்ன இடத்தை அவள் சுற்றிக்கொண்டு போனாள், அங்கே நிஜமாகவே ஒன்று கிடப்பதுபோல.

ராஜ்குமாரை ஒரே ஒரு முறை, ஒப்பந்தப் பதிவன்று பார்த்தேன். நாற்பது வயது இருக்கலாம். திருச்சியில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் வேலை. குடும்பத்தைப் பற்றிக் கேட்டதற்கு, “நான் தனி ஆளுங்க சார்” என்றார். பாதித் தொகையை ரொக்கமாகக் கேட்டார். முழு விலையும் பத்திரத்தில் வரும், வங்கி வரைவோலையாகத்தான் தருவேன் என்றேன். முகம் சுருங்கியது. பிறகு ஒப்புக்கொண்டார். கிரயத்தை முடிக்க ஜூன் 30 வரை தவணை. அதற்குள் முடிக்கத் தவறினால் நான் கொடுத்த முன்பணம் எனக்கு இல்லை.

25 ஏப்ரல், வெள்ளி

இதுவரை ஆட்சேபனை எதுவும் வரவில்லை.

30 ஏப்ரல், புதன்

வந்துவிட்டது.

கோடு போட்ட தாளில், கையெழுத்தில். எழுதியவர் அம்பிகா, ராஜ்குமாரின் மனைவி. தனி ஆள் என்றாரே! இருவரும் பிரிந்து வாழ்கிறார்கள். அம்பிகா விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார். பதினைந்து வயதில் ஆர்த்தி என்று ஒரு மகள். கடையின் சித்திரைத் தள்ளுபடி விளம்பரம் வந்த பக்கத்தை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார்களாம். அதன் கீழே என் அறிவிப்பு இருந்திருக்கிறது.

கடிதத்தின் சாரம் இதுதான். மாதம் ஆறாயிரம் ரூபாய் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 2020 இல் தீர்ப்பாயிற்று. எட்டு மாதம் கொடுத்தார். அதன் பின் இல்லை. வாரண்டு பிறப்பிக்கப்பட்டும் ஆள் கிடைக்கவில்லை. பாக்கி இப்போது மூன்று லட்சத்தை நெருங்குகிறது. “ஐயா, அவர் பேரில் இருப்பது இந்த மனை ஒன்றுதான். இதுவும் கைமாறிவிட்டால் எங்களுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை.” தீர்ப்பின் நகலையும் இணைத்திருக்கிறார். தக்க ஆதாரத்துடன் என்று நான் கேட்டிருந்தேன் அல்லவா.

1 மே, வியாழன்

விடுமுறை நாளாயினும் அறிவுச்செல்வனின் வீட்டுக்குப் போனேன். அவர் பதறவில்லை. “சார், இது வில்லங்கமே கிடையாது. மனை மேல ஜப்தி உத்தரவு எதுவும் இல்லை, வில்லங்கச் சான்று சுத்தமா இருக்கு. புருஷன் பொண்டாட்டி தகராறு அவங்களோட. இந்தக் கடுதாசியை ஃபைல்ல போட்டுட்டு ஜல்தியா கிரயத்தை முடிச்சிடுங்க.”

“கேள்வி கேட்டது நான். பதினைந்து நாளுக்குள் பதில் வந்திருக்கிறது.”

“அது ஒரு ஃபார்மாலிட்டி சார்.”

பாதை காலியா என்று அடுத்த நிலையத்தைக் கேட்டுவிட்டு, வந்த பதிலைக் காதில் வாங்காமல் நான் வண்டியை அனுப்பினால் அதற்குப் பெயர் விபத்து. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் ரயிலோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று பிரபாவதி சொல்வது உறுதியாகிவிடும்.

2 மே, வெள்ளி

முடிவெடுத்துவிட்டேன். இந்தக் கிரயம் வேண்டாம். பிறர் உரிமை சிக்கிக்கிடக்கும் சொத்தில் நான் கை வைப்பது முறையன்று. அய்யப்பனிடம் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன், குதூகலமாகிவிட்டார். “கரெக்ட் சார், உங்களுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? திங்கக்கிழமை ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கேன்சல் பண்ணிக்கலாம். அட்வான்ஸ் கைமேல வந்துரும்.”

பிரபாவதி மனையில் எடுத்த புகைப்படங்களைக் கைபேசியிலிருந்து அழித்துக்கொண்டிருந்தாள். மனசு கஷ்டமா இருக்கு. ஆனால் கை சுத்தமாக இருக்கிறது.

4 மே, ஞாயிறு

என் கை சுத்தமாக இருப்பதால் யாருக்கு என்ன லாபம்?

பகல் பணியில் இருந்தேன். அறை வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். கழுத்தில் துணிக்கடை அடையாள அட்டை. “நீங்கதானே மாசிலாமணி சார்? நான் அம்பிகா.” உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“வாங்க மாட்டேன்னு எழுதிக் குடுக்கப் போறீங்களாமே. அந்த அய்யப்பன் கடைக்கே வந்து சொல்லிட்டுப் போறான். ‘உன் புண்ணியத்துல வேற பார்ட்டிக்குப் போவுதும்மா’ன்னு.”

உங்கள் உரிமையை மதித்தே விலகுகிறேன் என்றேன்.

“நீங்க நல்லவருன்னு பேரு எடுத்துக்கினு ஒதுங்கிக்குவீங்க. அடுத்து வர்றவன் பேப்பர்ல போடுவானா? என்னைக் கூப்டு கேப்பானா? ரொக்கத்தைக் குடுத்துட்டு எழுதிக்கினு போயிடுவான். அப்புறம் நான் யாரைப் போய்ப் புடிக்கறது?”

நீங்கள் ஏன் முன்பே நீதிமன்றத்துக்குப் போகவில்லை என்று மட்டும் கேட்டேன். விளம்பரத்தைப் பார்த்ததும் சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மாவிடம் ஓடியிருக்கிறார். நகல்கள் எடுத்து மனு தயாராவதற்குள் கோடை விடுமுறை வந்துவிட்டது. இனி ஜூன் 2 அன்றுதான் நீதிமன்றம். பதிவு அலுவலகத்துக்கோ மே மாதம் விடுமுறை கிடையாது. திங்கட்கிழமையே ரத்து செய்ய அய்யப்பன் காட்டிய அவசரத்துக்குப் பொருள் இப்போதுதான் விளங்கியது.

“நீங்களே வாங்குங்க சார். ஆனா மெதுவா வாங்குங்க. கோர்ட்டு தொறக்கிற வரைக்கும் மெதுவா வாங்குங்க.”

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். “எம் பொண்ணு பத்தாவது எழுதிட்டு ரிசல்ட்டுக்கு நிக்குது. மகளிர் குழுக் கடனைக் கட்ட நான் படற பாட்டைப் பார்த்துட்டு, படிப்பு போதும், நானும் கடைக்கு வர்றேன்னு சொல்லுது. முதலாளி வேற, அனுப்பு அனுப்புன்னு நிக்கிறாரு.”

5 மே, திங்கள்

ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திடவில்லை.

ஒப்பந்தம் பதிவாகியிருப்பதால் வில்லங்கச் சான்றில் அது ஏறிவிட்டது. நானும் ராஜ்குமாரும் சேர்ந்து ரத்து செய்யாதவரை அந்த மனையை வேறு எவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. அறிவுச்செல்வனிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். தவணை ஜூன் 30 வரை. அதற்கு முன் அவசரப்பட வேண்டிய கடமை எனக்கு இல்லை. எந்த விதியையும் மீறவில்லை. எனக்குள்ள காலத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கிறேன், அவ்வளவே.

அய்யப்பன் தலையில் கைவைத்தார். “அன்னைக்கே சொன்னேன் சார், அக்ரிமெண்டை ரெஜிஸ்டர் பண்ணாதீங்கன்னு.”

6 மே, செவ்வாய்

ராஜ்குமாரிடமிருந்து தொலைபேசி. எடுத்த எடுப்பிலேயே கத்தினார். “என் எடத்தை விக்க உங்கிட்ட எதுக்குய்யா நான் பர்மிஷன் கேக்கணும்? அவ உங்களுக்கு இன்னா சொந்தம்?”

கேட்கக் கூடாத கேள்வி. ஆயினும் நிதானமாக, தவணைக்குள் கிரயம் செய்வேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஐம்பது வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்? யார் என்னைக் கேட்டாங்க? — நான்தான் கேட்டேன். பேப்பரில் போட்டுக் கேட்டேன்.

11 மே, ஞாயிறு

பிரபாவதி இன்று கேட்டாள். “ஏங்க, ஜூன்ல கோர்ட்டு தடை போட்டுச்சுன்னா அப்புறம் நாமளும் எழுதிக்க முடியாதுல்ல?” முடியாது. “முப்பதாம் தேதி தாண்டிடுச்சுன்னா?” முன்பணம் போய்விடும். “அது யாரு பணம்?” பாதிக்கு மேல் அவளுடைய சேமநல நிதி.

பத்து நிமிஷம் சமையலறையில் பாத்திரங்கள்தாம் பேசின. அவள் கேட்டதில் தவறே இல்லை. அதுதான் கஷ்டம்.

17 மே, சனி

பத்தாம் வகுப்பு முடிவுகள் நேற்று வந்தன. பிரபாவதி மாலையில் எங்கோ போய்விட்டு ஒரு துணிக்கடைப் பையுடன் திரும்பினாள். இரண்டு சேலைகள். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை, பை சொல்லிற்று.

“சும்மா பார்க்கலாம்னுதான் போனேன். அந்தம்மா பில்லு போட்டாங்க. பொண்ணு பக்கத்துல உக்காந்து துணி மடிச்சிக்கினு இருக்கு. மார்க் கேட்டேன். கணக்குல தொண்ணூத்தி நாலுங்க.” பிறகு, சேலையைப் பிரித்து மறுபடி மடித்தாள். “அந்த மடிப்பைப் பாருங்களேன். இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு நல்லா கத்துக்கிட்டிருக்கக் கூடாது.”

முன்பணத்தைப் பற்றி அதன் பின் அவள் பேசவில்லை.

2 ஜூன், திங்கள்

நீதிமன்றம் திறந்தது. அம்பிகாவின் மனு தாக்கலாயிற்று. கிரயத் தொகையில் பெரும்பகுதி என்னிடமே உள்ளது, நீதிமன்றம் காட்டும் இடத்தில் செலுத்தச் சித்தமாயிருக்கிறேன் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் தந்தேன். “இப்படி ஒரு கட்சிக்காரரை நான் பார்த்ததே இல்ல சார்” என்றார் அறிவுச்செல்வன். பாராட்டா என்று தெரியவில்லை.

10 ஜூன், செவ்வாய்

இடைக்கால உத்தரவு. பாக்கிக்கு வழி செய்யாமல் மனையை விற்கக் கூடாது. அம்பிகாவுக்குப் பிடிமானம் கிடைத்துவிட்டது. எனக்கு இருபது நாட்கள் இருக்கின்றன.

14 ஜூன், சனி

ராஜ்குமார் நேரில் வந்தார். நிலையத்துக்கே. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். இளைத்துப்போயிருந்தார். பணி முடிந்ததும் வெளியே தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனேன்.

“நீங்க கேஷா குடுத்துருந்தா போன மாசமே முடிஞ்சிருக்கும் சார்.”

“ஆமாம்.”

“கம்பெனில வேலை போச்சு. மூணு மாசம் கட்ட முடியல. நாலாவது மாசம் கையில காசு இருந்துச்சு. மூணு மாசப் பாக்கியோட போய் எப்படி நிக்கறதுன்னு வெக்கம். அப்புறம் வாரண்டுன்னாங்க. விழுப்புரத்துல காலை வெச்சா புடிச்சி உள்ள போட்டுருவாங்கன்னு பயம். ரயில் இங்க நின்னா கூட ஜன்னலை மூடிக்குவேன்.”

அவர் சொன்னது நியாயமாகாது. நான்கு ஆண்டுகள் ஒரு குழந்தை சாப்பிடாமல் இருக்க முடியாது என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என் யோசனையைச் சொன்னேன். மனையின் விலை மாறாது. வரைவோலை ஒன்றுக்குப் பதில் இரண்டு. பாக்கித் தொகைக்கு ஒன்று, அம்பிகாவின் பெயரில். மீதிக்கு மற்றொன்று, அவர் பெயரில். வங்கிக் கடன் உள்ள சொத்தை விற்கும்போது வாங்குபவரே கடனை நேராக அடைப்பது இல்லையா, அதே முறைதான். பத்திரத்திலேயே அதை எழுதிவிடலாம். பாக்கி தீர்ந்தது என்று இரு தரப்பும் நீதிமன்றத்தில் சொன்னால் வாரண்டு போய்விடும்.

“இவ்ளோ பெரிய தொகையை ஒரே அடியா...”

“ஒரே அடியில் சேர்ந்ததல்ல.”

தேநீருக்கு அவரே காசு கொடுத்தார். பதில் சொல்லாமல் போய்விட்டார்.

19 ஜூன், வியாழன்

பதில் இல்லை.

21 ஜூன், சனி

இன்றும் இல்லை. பிரபாவதி நாட்காட்டியைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

23 ஜூன், திங்கள்

அய்யப்பன் தொலைபேசியில். “சார், பார்ட்டி ஓகே சொல்லிட்டாரு! ரெண்டு டிடியாம். இன்னா சார் கணக்கு இது, எனக்கே புரியல. என் கமிஷன்ல கை வெச்சிடாதீங்க, அது போதும்.” கமிஷனும் வரைவோலையாகத்தான் வரும் என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

25 ஜூன், புதன்

இரு வழக்கறிஞர்களும் கூட்டாக மனு அளித்தனர். பத்திரத்தின் வரைவைப் பார்த்து நீதிமன்றம் விற்பனைக்கு அனுமதி தந்தது. அந்தப் பத்தியை நானே எழுதினேன்: “மேற்படி கிரயத் தொகையில், விற்பவர் தம் மனைவிக்கும் மகளுக்கும் செலுத்த வேண்டிய ஜீவனாம்ச நிலுவையை, அவர் கேட்டுக்கொண்டபடி வாங்குபவர் நேரில் செலுத்தியிருக்கிறார்.” “அவர் கேட்டுக்கொண்டபடி” என்பதை அறிவுச்செல்வன் அடித்துவிடப் பார்த்தார். இருக்கட்டும் என்றேன். மகள் ஒரு நாள் படிக்கக்கூடும்.

27 ஜூன், வெள்ளி

திண்டிவனம் பதிவு அலுவலகம். நல்ல கூட்டம். முதலில் ராஜ்குமார், பிறகு நான். புகைப்படம், கைரேகை, கையொப்பம். அம்பிகா வரிசையின் மறுகோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இருவரும் ஒரே கூரையின் கீழ். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

வரைவோலையை அம்பிகாவிடம் தந்தேன். எழுத்தில் இருந்த தொகையையும் எண்ணில் இருந்த தொகையையும் ஒப்பிட்டுப் படித்தார், பிறகு பெயரை. நான் அப்படித்தான் படிப்பேன். முதன்முறையாக அவர் மேல் எனக்குத் தோழமை போன்ற ஓர் உணர்வு ஏற்பட்டது.

வெளியே வரும்போது ராஜ்குமார் யாரையும் பார்க்காமல் கேட்டார். “பாப்பா வரலியா?”

அம்பிகா பையின் ஜிப்பை இழுத்து மூடினார். “இஸ்கூலுக்குப் போயிருக்கு. இன்னைக்கு வேலை நாளு.”

ராஜ்குமார் தலையை ஆட்டினார். “என்ன குரூப்பு?”

“கம்ப்யூட்டர். குழுக் கடனை அடைச்சிடலாம்னு தெரிஞ்சதுக்கு அப்புறந்தான் சேர்ந்துச்சு.” அவ்வளவுதான். பேருந்து நிலையத்தின் பக்கம் நடந்துவிட்டார். துணிக்கடைக்கு அரைநாள் விடுப்புத்தானாம்.

வீட்டுக்கு வந்து பத்திர ரசீதைப் பிரபாவதியிடம் கொடுத்தேன். படிக்காமல் சாமி படத்தின் கீழே வைத்தாள். “அந்த நாற்காலி கன்ஃபார்ம்” என்றாள்.

18 ஜூலை, வெள்ளி

நிலுவை தீர்ந்தது என்று பதிவாகி வாரண்டு திரும்பப் பெறப்பட்டது. இம்மாதத் தொகையும் வங்கியில் வந்துவிட்டதாக அம்பிகா சொன்னார். “அடுத்த மாசமும் வந்தாதான் நம்புவேன் சார்” என்றும் சொன்னார்.

9 ஆகஸ்ட், சனி

வந்துவிட்டதாம்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

பகல் பணி. காலையில் ஆர்த்தி தொலைபேசியில் அழைத்தாள். “அங்கிள், எங்கப்பா மெட்ராஸ்லேருந்து திருச்சி போறாராம். மத்தியானம் விழுப்புரத்துல வண்டி நிக்கிறப்ப வந்தா பார்க்கலாம்னு சொன்னாரு. நான் உள்ள வரலாமா?”

வரலாம், நடைமேடைச் சீட்டு எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றேன்.

“ஸ்டேஷன் மாஸ்டரைத் தெரியும்னா கூடவா?”

“தெரிந்தாலும்.”

சிரித்தாள். அம்மா வருகிறாரா என்று கேட்டேன். “வரல. ‘நீ போறதுன்னா போ, எனக்குக் கடையில வேலை இருக்குது’ன்னாங்க.”

வண்டி வந்து நின்றபோது நான் வெளியே வந்திருந்தேன். தூரத்திலிருந்தே இருவரையும் பார்த்தேன். ராஜ்குமார் கையில் ஒரு பையோடு இறங்கினார். இரண்டு பேருக்கும் நடுவே இன்னொருவர் நிற்கலாம், அவ்வளவு இடைவெளி. அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார், அவித்த மல்லாட்டை. அவள் உடனே கடலையை எடுக்கவில்லை. ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். மறுபடி ஏதோ கேட்டாள்; அதற்கு அவருக்குப் பதில் வரவில்லை. அப்போதுதான் அவள் ஒன்றை எடுத்து உரித்தாள்.

வண்டியை இன்னும் இரண்டு நிமிடம் நிறுத்திவைத்தால் என்ன என்று ஓர் எண்ணம் எனக்கு எழுந்தது. அதை மறைக்காமல் இங்கே எழுதிவைக்கிறேன். நிறுத்தவில்லை. முன்னால் பாதை காலியாக இருந்தது, சமிக்ஞை தரப்பட்டது, வண்டி குறித்த நேரத்தில் புறப்பட்டது.

கடைசிப் பெட்டி கடந்த பிறகு பார்த்தேன். ராஜ்குமார் ஏறவில்லை. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் கையிலிருந்த முன்பதிவுச் சீட்டு அடுத்த வண்டிக்குச் செல்லாது. அதைச் சொல்ல நான் போகவில்லை.